அரபு மாணவரின் ஆங்கில எழுத்துப்பிழை: சிவப்பு மை மட்டும் போதாது

மலேசியப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் நம்மில் பலருக்கு அரபு நாட்டுச் சக மாணவர்களின் பழக்கம் உண்டு. ஏமன், ஈராக், சூடான், எகிப்து, சவூதி அரேபியா என்று பல நாடுகளிலிருந்து வந்து பொறியியல், கணினி, வணிகம் படிக்கிறார்கள். விரிவுரையில் பக்கத்து இருக்கை, விடுதியில் பக்கத்து அறை, இடுபணியில் ஒரே குழு. அவர்களைப் பற்றி நம் மாணவர்களிடையே ஒரு பேச்சும் உண்டு. “நல்லாத்தான் பேசுறாரு, ஆனா எழுதினா பாலர் பள்ளிப் பிள்ளை மாதிரி எழுதுறாரு” என்பார்கள்.

இந்தப் பேச்சு தவறு என்பது என் கருத்து. அந்த எழுத்துப்பிழைகள் சோம்பலால் வருவன அல்ல. அறிவுக் குறைவாலும் வருவன அல்ல. சிறு வயது முதல் வேறொரு எழுத்து முறையில் பழகிய கண், ஆங்கிலத்தைப் பார்க்கும்போது செய்யும் பிழைகள் அவை. காரணம் தெரிந்தால் திருத்தும் வழியும் தெரியும். ஆனால், பல்கலைக்கழகத்தில் பிழையைச் சிவப்பு மையால் வட்டமிடுபவர்கள்தாம் அதிகம். எழுத்துக்கூட்டலைக் கற்றுக்கொடுப்பவர்கள் குறைவு.

நான் மொழியியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டு படித்தவள். கடந்த இரண்டு தவணைகளாக மொழி மையத்தில் சக மாணவர்களுக்கு ஆங்கிலம் எழுத உதவுகிறேன். வாரத்தில் இரண்டு மாலைகள். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் அரபு பேசுபவர்கள். சிலர் என்னைவிடப் பத்து வயது மூத்த முதுகலை மாணவர்கள். அவர்கள் என்னை ‘சிஸ்டர்’ என்பார்கள், நான் அவர்களை ‘பிரதர்’ என்பேன். அவர்களுடைய கட்டுரைத் தாள்களிலிருந்து நான் கண்டதையும், பாடத்தில் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மெய் இருக்கும், உயிர் இருக்காது

ஏமன் நாட்டு மாணவர் ஒருவர் ‘டிபார்ட்மெண்ட்’ என்ற சொல்லை எழுதியிருந்தார். அச்சொல்லில் ஏழு மெய்யெழுத்துகள், மூன்று உயிரெழுத்துகள். அவர் தாளில் ஏழு மெய்யும் வரிசை மாறாமல் இருந்தன. உயிரெழுத்துகளில் ஒன்றுதான் இருந்தது. இது தற்செயல் என்றால் சில இடங்களில் மெய்யும் காணாமல் போயிருக்க வேண்டும். அவருடைய இரண்டு பக்கக் கட்டுரையில் காணாமல் போன எழுத்துகளில் பெரும்பாலானவை உயிர்கள்.

காரணம் அரபு எழுத்து முறையில் இருக்கிறது. அரபில் 28 எழுத்துகள். அவை மெய்யெழுத்துகள்; அவற்றுள் மூன்று நெடில் உயிர்களையும் குறிக்கும். குறில் உயிர்களுக்கு எழுத்தின் மேலும் கீழும் போடும் சிறு குறிகள் உண்டு. திருக்குர்ஆனிலும் சிறுவர் பாடநூல்களிலும் அந்தக் குறிகளைக் காணலாம். நாளிதழ், நாவல், பல்கலைக்கழகப் பாடநூல் ஆகியவற்றில் பொதுவாக அவை இருக்காது. படிப்பவரே இடம் பார்த்து உயிரைச் சேர்த்துக்கொள்வார்.

நமக்குத் தெரிந்த சொல்லையே எடுத்துக்கொள்வோம். மலாய்மொழியில் ‘கித்தாப்’ என்றால் நூல். ‘மக்தாப்’ என்றால் கல்லூரி. மக்தாப் ரெண்டா சைன்ஸ் மாரா என்ற பெயரை அறியாத இடைநிலைப்பள்ளி மாணவர் குறைவு. இரண்டும் அரபிலிருந்து வந்தவை. க், த், ப் என்ற மூன்று மெய்களே அவற்றின் வேர். எழுதுதல் என்பது அந்த வேரின் பொருள். அதே மூன்று மெய்களை மட்டும் அரபில் எழுதினால் ‘கத்தப’, அதாவது எழுதினான், என்றும் படிக்கலாம். ‘குதிப’, எழுதப்பட்டது, என்றும் படிக்கலாம். ‘குதுப்’, நூல்கள், என்றும் படிக்கலாம். எது சரி என்பதை வாக்கியம் சொல்லிவிடும். அரபு படித்தவர் இதில் தடுமாறுவதே இல்லை.

தமிழ் இலக்கணம் இதைச் சொல்வதற்கு நல்ல சொற்களைக் கொடுத்திருக்கிறது. அரபில் மெய் தாளில் இருக்கும். குறிலாகிய உயிரைப் படிப்பவர் தருவார். தமிழில் அப்படி நடக்காது. ‘க’ என்றால் அதில் அகரம் இருக்கிறது; ‘கெ’ என்றால் கொம்பு தெரிகிறது; உயிர் இல்லை என்றால் அதற்கும் ஒரு புள்ளி வைக்கிறோம். நாம் அடுத்துக் கற்கும் மலாய்மொழியிலும் எல்லா உயிர்களும் தாளில் இருக்கின்றன. ஆகவே ஆங்கிலத்துக்கு வரும்போது, உயிரைப் பார்க்கும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே வந்துவிடுகிறது. “நாங்களும் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகத்தானே படித்தோம், எங்களுக்கு இப்படி வரவில்லையே” என்று சொல்லும் நண்பர்கள் இந்த வேறுபாட்டை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இது வெறும் ஊகம் அல்ல. 1991-இல் ஆன் ரயன், பால் மேரா என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நீளமான ஓர் ஆங்கிலச் சொல்லைத் திரையில் காட்டி மறைத்து, மீண்டும் காட்டினார்கள். இரண்டாம் முறை சில சொற்களில் ஓர் உயிரெழுத்து விடுபட்டிருக்கும். மாற்றம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களைவிட மட்டுமன்று, ஆங்கிலம் கற்கும் மற்ற மொழிக்காரர்களைவிடவும் அரபு பேசுவோர் அதிகமாகத் தவறவிட்டார்கள். அவர்கள் கண்ணுக்கு அந்தச் சொல் முழுமையாகவே தெரிந்தது. தன் கட்டுரையைத் தானே மூன்று முறை சரிபார்த்தும் பிழையைக் காணாத மாணவரின் நிலை இதுதான். “கவனமாகப் படித்துப் பார்” என்று அவரிடம் சொல்வதால் பயன் குறைவு.

இரண்டு ‘ப’, இரண்டு ‘ட்’

அடுத்த வகைப் பிழைகள் ஒலியிலிருந்து வருகின்றன. செந்தர அரபில் ‘பென்சில்’ என்பதன் முதல் ஒலி கிடையாது. ‘பஸ்’ என்பதன் முதல் ஒலி மட்டும் உண்டு. அதனால் ‘பீப்பிள்’, ‘பிக்சர்’, ‘பேப்பர்’ எல்லாவற்றிலும் ‘பஸ்’ எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். வண்டி நிறுத்துமிடம் நாய் குரைக்கும் இடமாக மாறிவிடும். இதைப் படித்துச் சிரிக்கும் முன், அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் தமிழில் எழுதிப் பாருங்கள். இரண்டுமே ‘பார்க்கிங்’தான். நம் எழுத்திலும் அந்த வேறுபாடு இல்லை. நம் காதுக்கு அது பழகியிருப்பதற்குக் காரணம், நாம் சிறு வயதிலிருந்தே மலாயும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்ததுதான்.

இந்த இடைவெளியை நம் வட்டாரத்தார் எப்போதோ கண்டுவிட்டார்கள். மலாய்மொழியை ஜாவி எழுத்தில் எழுதத் தொடங்கியபோது, அரபில் இல்லாத ஒலிகளுக்குப் புது எழுத்துகளை உண்டாக்கினார்கள். ‘ஃப’ எழுத்தின் மேல் மூன்று புள்ளிகள் வைத்தால் ‘ப’. தமிழ் முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத் தமிழிலும் இப்படிக் கூடுதல் எழுத்துகள் சேர்க்கப்பட்டன. எழுத்தைப் புதிதாகக் கற்பவர் எங்கே தடுமாறுவார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

உயிர்களிலும் இதே சிக்கல்தான். செந்தர அரபில் மூன்று குறில், மூன்று நெடில். ஆங்கிலத்திலோ ஐந்து உயிரெழுத்துகளைக் கொண்டு ஏறக்குறைய 20 உயிரொலிகளை எழுத வேண்டியிருக்கிறது. ‘இ’யும் ‘எ’யும் தனித்தனி ஒலிகள் என்று பழகாத காதுக்கு, ‘சின்ஸ்’ என்பதும் ‘சென்ஸ்’ என்பதும் ஒன்றாகவே கேட்கும்.

இரட்டை எழுத்துகள் இன்னொரு தொல்லை. தமிழில் ‘படம்’ வேறு, ‘பட்டம்’ வேறு. இரட்டிப்பு காதிலும் கேட்கிறது, தாளிலும் தெரிகிறது. அரபில் இரட்டிப்பு காதில் நன்றாகக் கேட்கும். ஆனால் தாளில் ஓர் எழுத்துதான். மேலே ‘ஷத்தா’ என்ற குறி போடுவார்கள். அதையும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஆங்கிலத்தில் தாளில் இரண்டு எழுத்து இருக்கும், காதில் ஒன்றுதான் கேட்கும். அப்படியானால் அந்த இரண்டாவது எழுத்து எதற்கு? பல சொற்களில் அது முன்னால் உள்ள உயிரைக் குறிலாக வைத்திருக்கிறது. ‘ஹோப்பிங்’ என்றால் நம்பிக்கை வைத்தல்; அதில் ஒரு ‘பி’. ‘ஹாப்பிங்’ என்றால் ஒற்றைக் காலில் குதித்தல். அதில் இரண்டு ‘பி’. இந்த ஒரு விதியைச் சொன்னதும், “இதை ஏன் இவ்வளவு நாள் யாரும் எனக்குச் சொல்லவில்லை?” என்று சூடான் நாட்டு மாணவர் ஒருவர் கேட்டார். அவர் பள்ளியில் எட்டு ஆண்டு ஆங்கிலம் படித்தவர்.

ஆங்கிலத்தின் மீதும் குற்றம் உண்டு

எல்லாப் பிழையையும் அரபின் தலையில் போடுவதும் நியாயம் இல்லை. ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆங்கிலேயரையே திணற வைப்பது. இங்கிலாந்தில் வில்லியம் காக்ஸ்டன் அச்சகம் தொடங்கியது 1476-இல். அச்சு வந்த பிறகு எழுத்து மெல்ல மெல்ல நிலைபெற்றது. ஆனால் ஏறத்தாழ அதே நூற்றாண்டுகளில் ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் பெரிய அளவில் மாறிக்கொண்டிருந்தன. எழுத்து நின்றுவிட்டது, ஒலி நகர்ந்துவிட்டது. ‘நைட்’ என்ற வீரனுக்கு முன்னால் நிற்கும் ‘கே’ ஒரு காலத்தில் ஒலிக்கப்பட்டதுதான். ‘டெட்’, அதாவது கடன், என்ற சொல்லில் ஒலிக்காத ‘பி’ இருக்கிறதே, அது இலத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் படித்தவர்கள் பின்னாளில் செருகியது.

இந்த வரலாற்றைச் சொல்வதற்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் மாணவரிடம் அது ஏற்படுத்தும் மாற்றம் பெரிது. ‘நான் மட்டும்தான் முட்டாள்’ என்ற எண்ணம் குறைகிறது. இதற்கெல்லாம் ஒரு காரணம் இருக்கிறது என்று தெரிந்தபின் அந்தக் காரணத்தைத் தேடத் தொடங்குகிறார்.

அவர்களுடைய பலத்திலிருந்து தொடங்கலாம்

அரபு மாணவர்களுக்கு எழுத்துக்கூட்டல் சொல்லிக்கொடுக்கும்போது, அவர்களிடம் இல்லாததையே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர்களிடம் இருப்பது ஒன்று உண்டு. சொல்லுக்குள் வேரைப் பார்க்கும் பழக்கம். ‘கித்தாப்’, ‘காதிப்’, ‘மக்தபா’ ஆகிய மூன்றும் ஒரே வேர் என்பது அவர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

ஆங்கில எழுத்துக்கூட்டலும் பல இடங்களில் ஒலியைவிட வேரையே காப்பாற்றுகிறது. 1968-இல் நோம் சாம்ஸ்கியும் மோரிஸ் ஹாலேயும் ஆங்கில ஒலியமைப்பைப் பற்றி எழுதிய நூலில் இதை வலியுறுத்தினார்கள். ‘சைன்’ என்றால் கையெழுத்திடு. அதில் ‘ஜி’ ஒலிப்பதில்லை. ஆனால் ‘சிக்னேச்சர்’, ‘சிக்னல்’ என்ற உறவுக்காரச் சொற்களில் அதே ‘ஜி’ ஒலிக்கிறது. ‘மஸல்’ என்ற சொல்லில் ஒலிக்காத ‘சி’, ‘மஸ்குலர்’ என்பதில் ஒலிக்கிறது.

உயிரெழுத்துச் சிக்கலுக்கும் இது உதவும் என்பதுதான் எனக்கு மகிழ்ச்சி. ‘கிராமர்’ என்ற சொல்லின் இரண்டாவது உயிர் மங்கலாக ஒலிக்கும். அது ‘ஏ’யா ‘இ’யா என்று காது சொல்லாது. ‘கிராமேட்டிக்கல்’ என்று உறவுச் சொல்லைக் கூப்பிட்டால், அது ‘ஏ’ எழுத்துதான் என்று தெளிவாகக் கேட்கும். ‘டெஃபினிட்’ என்பதன் நடுவில் ‘ஏ’ போடுபவர்கள் நம்மிலும் நிறையப் பேர். உள்ளே ‘ஃபைனைட்’ இருக்கிறது என்று காட்டினால் ‘ஐ’ எழுத்து தானாக வந்துவிடும். இப்படிச் சொற்குடும்பம் குடும்பமாகக் கொடுத்தபோது, பட்டியல் கொடுத்த வாரங்களைவிட என் மாணவர்கள் ஆர்வமாக எழுதினார்கள். ஈராக் மாணவர் ஒருவர் தன் துறைச் சொற்களுக்கு அவரே குடும்பம் கட்டி எடுத்துவந்தார்.

இதோடு இன்னொரு பயிற்சியும் வைத்திருக்கிறேன். சொல்லை அசை பிரித்து, ஒவ்வோர் அசைக்கும் ஓர் உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது. அசை பிரித்தல் நமக்கு யாப்பிலக்கணத்தில் பழக்கம். அவர்களுக்கும் விரைவில் வந்துவிடுகிறது. உயிர்களை நீல மையால் எழுதச் சொல்வேன். நீலம் இல்லாத அசை உடனே கண்ணில் படும்.

பத்து வாரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். டிபார்ட்மெண்ட் எழுதிய அந்த மாணவரின் தாளில் உயிர் காணாமல் போவது வெகுவாகக் குறைந்தது. தவறான உயிர் வருவது இன்னும் இருக்கிறது. அதையும் முன்னேற்றம் என்றே எடுத்துக்கொள்கிறேன். அங்கே ஓர் எழுத்து வேண்டும் என்று இப்போது அவருக்குத் தெரிகிறது. எது என்று தெரியாதபோது அகராதியைப் பார்க்கலாம். இடமே தெரியாதவர் எதைப் பார்ப்பார்?

“கணினி திருத்தாதா?”

இதைப் பேசும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் வரும். முதலாவது, எழுத்துப்பிழையைக் கணினியே திருத்திவிடும்போது இந்தப் பாடு எதற்கு என்பது. கணினி திருத்தும் என்பது உண்மை. ஆனால் ‘ஃபார்ம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஃப்ரம்’ வந்தால், ‘குவாயட்’ வேண்டிய இடத்தில் ‘குவைட்’ வந்தால், அவையும் உண்மையான சொற்களே என்பதால் பல வேளைகளில் கோடு விழாது. மூன்று உயிர்கள் விடுபட்ட சொல்லுக்குக் கணினி தரும் ஐந்து தெரிவுகளில் எது சரி என்று தேர்ந்தெடுப்பதற்கும் எழுத்துக்கூட்டல் தெரிந்திருக்க வேண்டும். இறுதித் தேர்வுகள் பலவற்றைக் கையால்தான் எழுதுகிறோம். மேற்படிப்புக்காகப் பலர் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் கேட்டல் பகுதியில், சரியாகக் கேட்டுத் தவறாக எழுத்துக்கூட்டினால் அந்த விடைக்கு மதிப்பெண் இல்லை. ஒருவருடைய மேற்படிப்பு இடமே அந்த ஓர் எழுத்தில் போகலாம்.

இரண்டாவது கேள்வி, பல்கலைக்கழகம் பாலர் பள்ளியா என்பது. அடிப்படை தெரியாமல் ஏன் சேர்த்துக்கொள்கிறீர்கள் என்று கேட்பவர்களும் உண்டு. வெளிநாட்டு மாணவர்களைக் கட்டணம் வாங்கிச் சேர்த்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் எழுது என்கிறோம். அப்படியானால் எழுதக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பிலும் ஒரு பங்கு நமக்கு உண்டு. இயந்திரவியல் கணக்கை எனக்கு முன்னால் நின்று விளக்கக்கூடிய ஒருவர், அதை எழுதும்போது மட்டும் பாலர் பள்ளிப் பிள்ளையாகத் தெரிகிறார் என்றால், இழப்பு அவருக்கு மட்டும் அல்ல.

என்ன செய்யலாம்?

மொழி மையங்கள், அரபு மாணவர்களுக்கான தொடக்க ஆங்கில வகுப்பில் வாரத்துக்கு ஒரு மணி நேரத்தை எழுத்துக்கூட்டலுக்கென்றே ஒதுக்கலாம். முதல் மாதம் முழுவதும் உயிரெழுத்துகளுக்கே கொடுக்கலாம். தமிழ்ப்பள்ளியில் நாம் எழுதிய ‘சொல்வதெழுதுதல்’ நல்ல பயிற்சிதான். ஆனால் சொற்பட்டியலாக இல்லாமல், அவரவர் துறைப் பாடத்திலிருந்து வாக்கியங்களாகக் கொடுத்தால் பெரியவர்களுக்கு அது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றாது. விரிவுரையாளர்கள் கருத்துக்கு ஒரு மதிப்பெண், எழுத்துக்கு ஒரு மதிப்பெண் எனப் பிரித்துப் போடலாம். ஒரு தாளில் நாற்பது பிழைகளை வட்டமிடுவதைவிட, திரும்பத் திரும்ப வரும் ஐந்து சொற்களைக் காட்டி அடுத்த முறை அவற்றைச் சரியாக எழுதச் சொல்வது பயன் தரும். சில சொற்களுக்கு விதியும் இல்லை, குடும்பமும் இல்லை. அவற்றை மனனம் செய்யத்தான் வேண்டும். அதையும் மாணவரிடம் மறைக்காமல் சொல்லிவிடலாம்.

மாணவர்களாகிய நம் பங்கும் இருக்கிறது. குழு இடுபணியில் அரபு நண்பருக்கு என்ன வேலை கொடுக்கிறோம் என்று பாருங்கள். பெரும்பாலும் அச்செடுத்துக் கட்டிக்கொண்டு வரும் வேலை, அல்லது படங்களைத் தேடும் வேலை. “அவர் எழுதினால் நாம்தான் திருத்த வேண்டும்” என்று நாமே எழுதிவிடுகிறோம். நமக்கு மதிப்பெண் கிடைத்துவிடும். அவருக்கோ எழுதிப் பழகும் வாய்ப்பு ஒவ்வொரு தவணையும் கைநழுவுகிறது. நான்காம் ஆண்டில் இறுதி ஆய்வறிக்கையை அவர் தனியாகத்தானே எழுத வேண்டும்?

அடுத்த இடுபணியில் ஒரு பகுதியை அவரையே எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் நீங்கள் திருத்திக் கொடுக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து உயிர் விடுபட்ட இடத்தை மட்டும் பென்சிலால் தொட்டுக் காட்டுங்கள். எழுத்தை அவரே போடட்டும். அரை மணி நேரம் கூடுதலாகும். அந்த அரை மணி நேரத்தில் உங்கள் எழுத்துக்கூட்டலும் கொஞ்சம் தேறும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.